நூற்றுப் பதினைந்தின் கையில் இருபத்து மூன்று

பேருந்துப் பணிமனையில் அவளைக் காரணி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதை யாரும் வாயால் சொன்னதில்லை. எந்த ஓட்டுநருக்கு எந்த டூட்டி என்று ஒதுக்குகிற நாற்காலி அவளுடையது. லீவு கேட்டு வருகிறவர்கள், டூட்டி மாற்றிக் கேட்டு வருகிறவர்கள், சும்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறவர்கள், எல்லோரையும் அவள் ஒரே சொல்லால் நிறுத்துவாள்: “காரணம்?” வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பாள். மச்சானுக்கு உடம்பு சரியில்லை என்றால், அந்த மச்சானோடு உனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை என்று போன மாசம்தானே சொன்னாய் என்பாள். அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. கடுப்பான ஒரு மெக்கானிக், காரணத்தைக் காரணி ஆக்கிவிட்டான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவன் கிண்டலுக்குத்தான் வைத்தான். அவளுக்கோ உள்ளம் குளிர்ந்துபோனது. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற எண்ணுக்குத்தானே காரணி என்று பெயர்? பள்ளிக்கூடத்தில் கணக்கைக் கோட்டை விட்டவனுக்கு அது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? நாள் முழுக்க அவள் மனசுக்குள் நடந்துகொண்டிருந்த வேலையே அதுதான் என்பது அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

அவள் ஒன்றும் நாற்காலியிலேயே பிறந்தவள் இல்லை. தலைமுடி கறுப்பாக இருந்த காலமெல்லாம் அதே பணிமனையில் வண்டி ஓட்டியவள். பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று ஏறாமல் முறைத்துக்கொண்டு நின்றவர்களை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுப் போனவள். மறுநாள் அவர்களே வாயைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தபோது, இனி உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டுவதும் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று அவரிடமே மல்லுக்கு நின்றாள். கடைசியில் வேறு வழியில்லாமல்தான் நாற்காலிக்கு வந்தாள்.

வந்தாளே தவிர, கனரக வண்டி ஓட்டும் உரிமத்தை மட்டும் காலாவதியாக விடவில்லை. தேதி நெருங்கினால் முதல் ஆளாகப் போய்க் கண்ணைக் காட்டி, காலைக் காட்டி, புதுப்பித்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் சோபாவுக்குப் பஞ்சு வைத்துத் தைக்கிறவர். வாயில் ஊசி இருக்கும்போதும் பேசக்கூடியவர். நீ இனி ஓட்டப்போவது அந்த மேசையைத்தான், அதற்கு எதற்கு உரிமம் என்று அவர் வருஷம் தவறாமல் கேட்பார். “இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?” என்று அவளும் தவறாமல் சொல்வாள். வீம்பு என்றால் வீம்புதான். அவளிடம் அது தாராளமாகவே இருந்தது, நல்லவேளையாக.

எண் பைத்தியம் பிடித்ததும் வண்டி ஓட்டிய காலத்தில்தான். யாரோ ஒரு மாணவி சீட்டில் விட்டுப்போன கணக்குப் பத்திரிகையைக் கடைசி நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டே புரட்டினாள். அதில் ஒரு பக்கத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. 7, 11 மாதிரி ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதாலும் வகுபடாதவை பகா எண்கள். மற்றவை பகு எண்கள். பகா எண்களைப் பெருக்கினால் வருகிறவை. 7-க்கும் 11-க்கும் நடுவில் 8, 9, 10 என்று மூன்று பகு எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 8-ஐ உடைத்தால் உள்ளே இருப்பது 2 மட்டும். 9-க்குள் 3 மட்டும். 10-க்குள் 2, 5 என்று இரண்டு. இப்போது ஆளுக்கு ஒரு பகா எண்ணைச் சொந்தமாகக் கொடுக்க வேண்டும், அதுவும் அவரவருக்குள் இருப்பதிலிருந்தே. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது. 8-க்கு 2, 9-க்கு 3, 10-க்கு 5 என்று கொடுத்தால் மூன்று பேருக்கும் தேறிவிடுகிறது. எண்வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும், எவ்வளவு நீளமான இடைவெளியிலும், இப்படி எல்லோருக்கும் தேறுமா? வெகுதூரம் வரை சோதித்துப் பார்த்துவிட்டார்களாம், எங்குமே தேறாமல் போகவில்லையாம். ஆனால் எப்போதும் தேறும் என்று நிரூபித்தவர் யாரும் இல்லையாம்.

அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. யாரும் நிரூபிக்கவில்லை என்றால் அப்புறம் அது எல்லோருடைய சொத்துத்தானே? அன்றிலிருந்து அவள் எந்த எண்ணைக் கண்டாலும் உடைத்தாள். வீட்டு எண், தொலைபேசி எண், முன்னால் போகிற லாரியின் எண் எல்லாவற்றையும் உடைத்து, உள்ளே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று எண்ணினாள். நாற்காலிக்கு வந்தபிறகு முற்றத்தில் நிற்கிற வண்டிகளே போதுமானதாக இருந்தன. ஒரே தவணையில் வாங்கிய வண்டிகள் அவை, 113 முதல் 127 வரை. இரண்டு ஓரத்திலும் நிற்கிற 113-ம் 127-ம் பகா எண்கள். நடுவில் 114 முதல் 126 வரை அத்தனையும் பகு எண்கள். கழுவாத கண்ணாடிகளின் தூசியில் விரலால் எழுதிப் பார்ப்பாள். வண்டி கழுவுகிறவர்கள், காரணி கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு துடைப்பார்கள்.

இந்தப் பதின்மூன்று வண்டிகளில்தான் அவள் ஒருநாள் நன்றாகச் சறுக்கினாள்.

வரிசைப்படி ஆரம்பித்தாள். 114-க்குள் 2, 3, 19 என்று மூன்று. முதலில் நிற்கிறது, சின்னதாகக் கேட்கிறது, 2-ஐக் கொடுத்தாள். 115-க்குள் 5, 23. அதற்கு 5-ஐக் கொடுத்தாள். இப்படியே முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் கைக்கு எட்டியதை எடுத்து நீட்டிக்கொண்டே போனாள். 120 வந்தபோதே இடித்தது. 125 வந்தபோது கதை கந்தலாகிவிட்டது. 125 என்றால் ஐந்தை ஐந்தால் பெருக்கி மறுபடியும் ஐந்தால் பெருக்கியது. அதற்குள் 5-ஐத் தவிர வேறு சரக்கே இல்லை. அந்த 5 எப்போதோ போய்விட்டது.

தேறாத இடத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாராலும் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னாள். அப்படியானால் காலையில் கூட்டம் வரும், சீக்கிரம் எழுந்து வாசலைக் கூட்ட வேண்டும் என்றார் வீட்டுக்காரர்.

கூட்டம் வரவில்லை. மறுநாள் முற்றத்தில் 115-ன் கண்ணாடியில் தானே எழுதிய 5-ஐப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுட்டது. 115-க்குள்தான் 23 இருக்கிறதே? அதைக் கொடுத்திருந்தால் அது பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கும். 125-க்குத்தான் வேறு போக்கிடம் இல்லை. முன்னால் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டு வைத்திருக்கிறவனுக்கு ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவனுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தேறவில்லை என்று கணக்கின் மேல் பழி போட்டிருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஒற்றைக்காரர்களை முதலில் கூப்பிட்டாள். 125-க்கு 5. 121-க்குள் 11 மட்டும், அதற்கு 11. பிறகு மற்றவர்களை அழைத்து, பகிர்ந்து முடித்தபோது பதின்மூன்று பேருக்கும் தேறியிருந்தது.

தேறியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த முகச்சூடு மட்டும் தணியவில்லை. ஏனென்றால் அதே சறுக்கலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள், அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு.

பணிமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டூட்டி பிரிப்பார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு டூட்டிக்கும் ஒரு கொக்கி. ஒவ்வொரு ஓட்டுநரிடமும் பணி எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும். சேர்ந்த வரிசையில் எண், எண்ணின் வரிசையில் மரியாதை. காரணி எண்ணைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து தனக்குப் பிடித்த டூட்டியின் கொக்கியில் வில்லையை மாட்டுவார்கள். ஆரம்பிக்கும் முன் விதிகளை அவள் உரக்கப் படிக்க வேண்டும். வில்லையும் நடப்பு உரிமமும் உள்ள எவரும் தேர்ந்தெடுக்கலாம். இருவர் மனமொத்தால் தங்கள் டூட்டியை மாற்றிக்கொள்ளலாம். படிக்கிற அவளும் கேட்கிற அவர்களும் அதைக் கொட்டாவிக்கான நேரமாகவே வைத்திருந்தார்கள்.

முதலில் கூப்பிடப்படுகிறவரைச் சீனியர் என்பார்கள். வில்லை எண் 91. பார்த்தால் பகா எண் மாதிரி விறைப்பாக நிற்கும். தட்டினால் ஏழு பதின்மூன்று என்று உடைந்துவிடும், வேஷக்கார எண் என்று காரணி மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். அவர் வருஷக்கணக்காக மாட்டியது ஒரே டூட்டி: காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை நாலுக்குள் முடிகிற சுற்றுப்பேருந்து. பகல் வெளிச்சம், நெரிசல் இல்லாத சாலை, வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காலை நீட்டலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எந்த நேரத்து வண்டியையும் அவரால் ஓட்ட முடியும். யாரும் தொடாத கடைசி டூட்டி விடியலில் கிளம்புகிற முதல் வண்டி. அது கடைசியாக வந்தவர் தலையில்தான் விடியும்.

அந்த முறை கடைசியாக வந்தவள் ஒரு பிள்ளைக்காரி. வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. காப்பகம் எட்டு மணிக்கு முன்னால் திறக்காது, ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளாது. டூட்டி பிரிக்கப் போகிறார்கள் என்றதும் அவள் காரணியின் மேசைக்கு வந்து நின்றாள். காரணம் என்று கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“அக்கா, அந்த ஒம்பது மணி வண்டி மட்டும் கெடச்சா நான் வேலைல இருப்பேன். இல்லன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்” என்றாள்.

காரணி பலகையைப் பார்த்தாள். ஓய்வு பெற்ற ஒருவரின் இடம் இன்னும் நிரம்பாததால் ஆட்களைவிடக் கொக்கி ஒன்று கூடுதலாகவே இருந்தது, ஆனால் அத்தனையிலும் இவளுக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்று. இதோ நிற்கிறது 125 என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். வேறு வழியே இல்லாதவர்களை முதலில் கூப்பிடுவோம், மற்றவர்களுக்கு எப்படியும் தேறிவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பொறுமை வருவதே அபூர்வம். மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை, வம்பு என்றால் மட்டும் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிறவர். வழக்கம் என்றால் வழக்கம்தான், அதில் கை வைத்தால் கூடமே என் மேல் பாயும் என்றார். அப்படி எல்லோருக்கும் தேறும் என்பதற்கு என்ன நிச்சயம் என்றும் கேட்டார்.

“தேறும்னு யாரும் நிரூபிக்கல சார். தேறாதுன்னும் எவனும் நிரூபிக்கல. பாத்துடலாமே” என்றாள்.

வரிசையை மாற்றினால் நாற்காலி உன்னுடையதாக இருக்காது என்று சொல்லி அவர் கோப்பைத் திறந்துகொண்டார். சீனியரிடமும் போய்ப் பார்த்தாள். இந்த மூன்று மாதம் மட்டும் வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றார். காரணம் என்று கேட்டாள். “பழக்கம்” என்றார். இத்தனை வருஷ நாற்காலி வாழ்க்கையில் இவ்வளவு சொத்தையான காரணத்தை அவள் கேட்டதில்லை. தலைவலி என்று பொய் சொல்கிறவன்கூடக் கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்காட்டிவிட்டுத்தான் சொல்வான்.

டூட்டி பிரிக்கிற அன்று கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைக்காரி கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றாள். மேனேஜர் வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே வந்து காரணியின் பக்கத்தில் நின்றுகொண்டார், வரிசையை மாற்றிவிடுவாளோ என்ற பயத்தில். அவள் விதிகளைப் படித்தாள். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, செவிட்டுக் காதிலும் ஏறுகிற மாதிரி படித்தாள். சீனியர் தன் வில்லையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

“எம்பத்தஞ்சு” என்று கூப்பிட்டாள் காரணி.

யாரும் வரவில்லை. அப்படி ஓர் எண் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றுப் போனவர் யாராவதாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான். காரணி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், ஆனால் எழுந்தபிறகு கையை எடுத்துவிட்டாள். கைப்பையிலிருந்து களிம்பு பிடித்த ஒரு பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு பலகைக்கு நடந்தாள். காலை ஒன்பது மணிச் சுற்றுப்பேருந்தின் கொக்கியில் அதை மாட்டினாள்.

கூடம் சந்தைக்கடை ஆனது. நீ ஆபீஸில் இருக்கிறாய், நீ எப்படி மாட்டலாம் என்றார் மேனேஜர். அவள் உரிமத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வில்லையும் நடப்பு உரிமமும் உள்ள எவரும் என்று இப்போதுதானே படித்தேன், தூங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். தேதியைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உரிமத்தில் ஒரு குறையும் இல்லை. பணிமனையில் சீனியர் என்றால் உண்மையில் யார் என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது, சீனியருக்கு எல்லோரையும்விட அதிகமாக உறைத்தது.

“வழக்கம்னா வழக்கம்தான்னு சொன்னீங்களே சார். வழக்கப்படிதான் நடந்துக்கிறேன்” என்றாள்.

பிறகு ஒன்றும் நடக்காதது போல நாற்காலிக்குத் திரும்பி, தொண்ணூற்றொன்று என்று கூப்பிட்டாள். சீனியர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் மத்தியான வண்டி ஒன்றில் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். அவருக்கும் தேறத்தான் செய்தது. அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் தேறியது. கடைசியாகப் பிள்ளைக்காரியைக் கூப்பிட்டபோது பலகையில் ஒரே ஒரு கொக்கி காலியாக இருந்தது: விடியல் முதல் வண்டி. அவள் கண் நிறைந்து நின்றாள். இந்த அக்கா தனக்குக் கிடைக்க வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாளே என்ற நினைப்பு அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மாட்டு என்றாள் காரணி. அவள் மாட்டினாள்.

காரணி மறுபடியும் எழுந்தாள். “ரெண்டாவது விதி. ரெண்டு பேரு மனசு ஒத்தா மாத்திக்கலாம். எனக்கு இந்தப் பொண்ணோட மனசு ஒத்துப்போச்சு” என்றாள். பிள்ளைக்காரியின் பக்கம் திரும்பி, “உனக்கு?” என்று கேட்டாள். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். இரண்டு வில்லைகளும் கொக்கி மாறின.

அப்படியானால் இந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று மேனேஜர் குரல் உடைந்து கேட்டார். நல்ல மூத்த ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள், அதுதானே வழக்கம் என்றாள். சீனியர் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “ஒன் முழங்கால் என்ன ஆகும்?” என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“அது என் முழங்கால்” என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அதிலிருந்தே அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. உனக்கு ஏன் இந்த வம்பு, நீ என்ன நேர்ந்துவிட்டவளா என்று கோபப்பட்டார். அவள் விளக்க முயன்றாள். மேசையும் என்னால் முடியும், ஸ்டியரிங்கும் என்னால் முடியும். அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒன்றுதான். “நானும் ஒரு நூத்திப் பதினஞ்சுதாங்க. இத்தன வருஷமா அஞ்ச மட்டும் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மறுநாள் அவள் கையில் ஒரு மெத்தையைக் கொடுத்தார். ஓட்டுநர் இருக்கையின் அளவுக்கு வெட்டி, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கித் தைத்திருந்தார்.

முதல் வாரம் கால் அவளைப் பழிவாங்கியது. ஒவ்வொரு கிளட்சுக்கும் பல்லைக் கடித்தாள். வலிக்கவில்லை என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. வலிக்கிறது, அதற்கென்ன இப்போது என்றுதான் சொன்னாள். கழுவுகிறவர்கள் அவளுக்கென்று 115-ஐ முன்வரிசையில் நிறுத்திவைத்தார்கள். அதன் கண்ணாடி ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்குத் தூசியைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். அதில் அவள் 23 என்று எழுதினாள். பிள்ளைக்காரி காலையில் இடுப்பில் பிள்ளையோடு காப்பகத்துக்குப் போகிற வழியில் அந்த வண்டி எதிரில் வரும். காரணி ஒரு தடவை ஹாரன் அடிப்பாள். பிள்ளை கையை ஆட்டும்.

நாற்காலியில் யாரும் நிலைக்கவில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் வண்டி இருக்கும் ஆள் இருக்காது, ஆள் இருப்பார் வண்டி இருக்காது. மூன்று மாதம் முடிவதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். விடியலில், 115 கிளம்புகிற நேரத்துக்கு, தலைகூடச் சீவாமல் முற்றத்தில் வந்து ஓட்டுநர் சன்னலுக்குக் கீழே நின்றார்.

“திரும்பி வந்துடும்மா நாற்காலிக்கு” என்றார்.

“காரணம்?” என்று கேட்டாள் காரணி.

அவர் நிர்வாகம், ஒழுங்கு என்று ஏதோ ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் இன்ஜினைக் கிளப்பினாள். கிளம்பும் முன் சன்னல் வழியாகக் குனிந்து, “வேற வழியில்லாத ஒத்தைக்காரங்கள மொதல்ல கூப்புடுவேன். அது விதியில ஏறட்டும், நானும் எறங்குறேன். அதுவரைக்கும் வழிய விடுங்க, முதல் வண்டிக்கு ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள்.

அவர் ஓரமாக நகர்ந்தார். அவள் இடது காலைத் தூக்கிக் கிளட்சின் மேல் வைத்து, வலியோடு அழுத்தி மிதித்து, கியரைப் போட்டாள்.